கரையை உயர்த்தும் முன் தண்ணீருக்கு வழி விடுங்கள்

கேள்வி: ஐயா, நான் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். மலேசியாவின் ஜோகூரில், கோத்தா திங்கி பக்கம் என் மாமனாருக்குப் பத்து ஏக்கர் டுரியான் தோட்டம். தோட்டத்துக்குள் ஓடும் சிற்றோடையை மறித்து, இருபது ஆண்டுகளுக்கு முன் அவரே மண்கரை போட்டுக் குளம் உண்டாக்கினார். கரை 14 அடி உயரம், 200 அடி நீளம். நிறைந்தால் 12 அடித் தண்ணீர் நிற்கும். பரப்பு ஒரு ஏக்கர் வரும். மாமனார் தவறிய பிறகு மச்சானும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பழம் ஏற்றும் லாரி போய்வர, கரையோரம் இருந்த வழிந்தோடியை மண்போட்டு நிரப்பி அடியில் 12 அங்குல சிமெண்டுக் குழாய் இரண்டு வைத்தோம். திலாப்பியா தப்பிப் போகாமல் குழாய் வாயில் வலை கட்டியிருக்கிறோம். பிப்ரவரியில் தண்ணீர் பற்றவில்லை என்று மச்சான் கரையை இரண்டடி உயர்த்தச் சொல்கிறார். மண் தோண்டும் இயந்திரம் வைத்திருக்கும் பேக்ஹோகாரர் இரண்டு நாள் வேலை என்கிறார். கரை அடிவாரத்தில், பாசனத்துக்கான பழைய இரும்புக் குழாய் வெளியே வரும் இடம் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. அதற்குக் கீழே தொழிலாளர் வீடு, அதைத் தாண்டிக் கம்போங் (கிராமத்து) சாலை. கரையை உயர்த்தலாமா?

பதில்: உயர்த்த வேண்டாம். இந்த வருட மழைக்கு முன் கட்டாயம் வேண்டாம். அதற்குப் பிறகும், கீழே சொல்லும் இரண்டு வேலைகள் முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்டது கரையின் உயரம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு: வழிந்தோடியை நிரப்பிவிட்டு இரண்டு குழாய் வைத்தோம் என்று ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். மண்கரை தண்ணீரைத் தாங்கும், ஆனால் தன் தலைமேல் தண்ணீர் ஓடுவதைத் தாங்காது. உச்சியில் எங்காவது சற்றே தாழ்ந்த இடத்தில் வழிய ஆரம்பித்தால், பின்சரிவு அரித்து, பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் வழியாகவே குளம் முழுதும் இறங்கிவிடும். சிறிய கரைக்கு இதற்கெல்லாம் ஒரு நாள் தேவையில்லை, ஒரு மணி நேரமே அதிகம். வழிந்தோடி இருப்பது இது நடக்காமல் இருக்கத்தான். நம் ஊர் ஏரிகளில் கலிங்கு எதற்கோ, அதற்கே.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மச்சானுக்கும் காட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் ஓடைக்குத் தண்ணீர் வரும் மேட்டுநிலத்தை அளந்து பார்த்தேன். உங்கள் தோட்டம், பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) எல்லாம் சேர்த்துச் சுமார் 40 ஏக்கர், அதாவது 16 ஹெக்டேர். நம் வட்டாரத்தில் கடும் இடிமழை ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டுவது அதிசயமில்லை. 16 ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் என்றால் 16,000 கனமீட்டர். ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணில் பாதி ஓடிவருகிறது என்று வைத்தாலும் 8,000 கனமீட்டர். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் இரண்டு மீட்டர் என்றால் அதன் மொத்தக் கொள்ளளவே சுமார் 8,000 கனமீட்டர்தான். அதாவது நிறைந்திருக்கும் குளத்துக்குள் இன்னொரு குளத்தை ஒரு மணி நேரத்தில் கவிழ்த்ததுபோல.

இப்போது வெளியே போகும் கணக்கு. 12 அங்குலக் குழாய் இரண்டும் அடைப்பே இல்லாமல் ஓடினால்கூட மணிக்குச் சுமார் 1,000 கனமீட்டர்தான் போகும். மீதி 7,000 எங்கே போகும்? தண்ணீருக்கும் கரை உச்சிக்கும் இடையே இருப்பது இரண்டடி. ஒரு ஏக்கர் பரப்பில் இரண்டடி என்றால் ஏறத்தாழ 2,400 கனமீட்டர். அரை மணிக்குள் நிரம்பிவிடும். அதற்கு மேல் தண்ணீர் கரைமேல்தான்.

'இருபது வருஷமா ஒன்றும் ஆகலையே' என்று மச்சான் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அதில் பதினெட்டு வருடம் மாமனார் விட்டுவைத்த திறந்த வழிந்தோடி வேலை செய்தது. குழாய் வைத்துப் பார்த்திருப்பது இரண்டு மழைக்காலம் மட்டும். 1978 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்தது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே மூழ்கிக் கிடந்ததை உங்கள் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்தை உங்கள் மாமனாரின் கரை தாண்டியது என்றால், அவர் தண்ணீருக்கு வழி விட்டிருந்தார் என்று அர்த்தம்.

அடுத்தது வலை. முதலில் அதைக் கழற்றுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் தோட்டத்துத் தம்பிக்குப் போன் போட்டுக் கழற்றச் சொன்னாலும் சரி. பெருமழையில் ஓடை தண்ணீரை மட்டும் கொண்டுவராது. செம்பனை மட்டை, இலை, மிதக்கும் பாசி, பிளாஸ்டிக் என்று எல்லாம் வந்து வலையில் அப்பிக்கொள்ளும். மேலே போட்ட கணக்கில் இருந்த அந்த 1,000 கனமீட்டரும் அப்போது போய்விடும். இதில் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை, பணக்காரர்களின் மீன்பிடி மனமகிழ் மன்றம் ஒன்றின் கையில் இருந்தது. வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் போகாமல் வழிந்தோடியில் தட்டி வைத்தார்கள். அடியிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் எப்போதோ கழற்றி விற்றுவிட்டார். 1889 மே 31 அன்று பெருமழையில் தட்டிகளைக் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறியது, அணை போனது. கீழே ஜான்ஸ்டவுன் ஊரில் 2,209 பேர் இறந்தார்கள். உங்கள் குளம் அந்த ஏரிக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் வண்டிப்பாதை, மீன்வலை, சரியில்லாத அடிக்குழாய் என்று மூன்றும் உங்களிடமும் இருக்கின்றன. திலாப்பியா போனால் போகட்டும், ஜோகூரில் திலாப்பியாவுக்கா பஞ்சம்!

சரி, லாரி எப்படிப் போவது? நிரப்பிய மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, வழிந்தோடியின் குறுக்கே தாழ்வான கான்கிரீட் பாதை போடுங்கள். தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் தாம்போதி என்று இருக்குமே, அதுதான். மற்ற நாளில் லாரி ஏறி இறங்கிப் போகும். மழை நாளில் தண்ணீர் மேலே ஓடும், லாரி காத்திருக்கும். என் கணக்கில் குறைந்தது 16 அடி அகலம் வேண்டும், 20 அடி விட்டால் எனக்கு நிம்மதி. அந்த அகலத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தண்ணீர் ஓடும்போதும், அதற்கு மேல் கரை உச்சிவரை இன்னும் ஒன்றரை அடியாவது மிச்சம் இருக்க வேண்டும். அப்படியென்றால் பாதையின் மட்டம் கரை உச்சியைவிட மூன்றடி தாழ்ந்திருக்கும். நிறைகுளத்தின் மட்டம் இப்போதைவிட ஓரடி குறையும். மச்சானுக்கு இது பிடிக்காது, தெரியும். பாதையைக் கரைமேல் கொட்டிய மண்ணில் போடாதீர்கள். கரை முடிந்து இயற்கையான கெட்டி நிலம் தொடங்கும் இடத்தில் போடுங்கள். வழியும் தண்ணீர் கரை அடிவாரத்தைத் தொடாமல், தள்ளிப் போய் ஓடையில் சேர வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பேக்ஹோகாரர்கள் கோட்டை விடுவார்கள். மேலே அழகாக வேலை செய்துவிட்டு, தண்ணீரைக் கொண்டுபோய்க் கரையின் காலிலேயே கொட்டுவார்கள்.

இனி அந்த ஈரம்.

மண்கரையில் கசிவே இருக்கக் கூடாது என்று நினைக்க வேண்டாம். எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். பார்க்க வேண்டியது இரண்டு: கசிவு மண்ணைக் கொண்டுவருகிறதா, போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா. உங்கள் கசிவு குழாய் வெளிவரும் இடத்தில் இருப்பதால்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். வழவழப்பான குழாயைச் சுற்றி மண்ணைச் சரியாக இடித்துக் கெட்டிப்படுத்துவது சிரமம். குழாயின் வயிற்றுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் இளகலாகவே இருக்கும். தண்ணீர் அந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, வெளியேறும் இடத்தில் ஒவ்வொரு துகளாக மண்ணை எடுத்துப்போகும். அரிப்பு வெளியிலிருந்து உள்நோக்கிக் கரைக்குள்ளேயே பொந்தாக வளரும். மேலே புல் பச்சையாக, எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஈரம் ஊறும் இடத்தில் சிறு குழி எடுத்து, ஒரு துண்டு பிவிசி குழாய் பதித்து, கசியும் தண்ணீர் எல்லாம் அதன் வழியாக வரும்படி செய்யுங்கள். வாளியை வைத்து, நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனில் நேரம் பாருங்கள். அன்றைய குள மட்டத்தையும் மழையையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஆடாமல் ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால் கரை உள்ளே கரைகிறது. தண்ணீர் தெளிவாகவும் அளவு மாறாமலும் இருந்தால் அவசரம் இல்லை. அதற்காக விட்டுவிடவும் கூடாது. குளம் இறங்கியிருக்கும்போதும் கசிவு குறையவில்லை என்றால் அது குளத்துத் தண்ணீராக இல்லாமல் மலைச்சரிவின் ஊற்றாகவும் இருக்கலாம். குறிப்பு எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வெளிப்பக்கத்தில் சிமெண்டோ களிமண்ணோ வைத்து அடைக்காதீர்கள். கசிவைக் கண்டதும் எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகும். அடைத்தால் தண்ணீர் நிற்காது; உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரை வரவிட்டு மண்ணை மட்டும் பிடிக்க வேண்டும். அதற்குக் கழுவிய பருமணலை ஒரு படுகையாகப் பரப்பி, அதன்மேல் சரளைக் கல் போடுங்கள். தண்ணீர் வடிந்து வரும், மண் தங்கிவிடும். கலங்கல் தொடங்கிவிட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை, 1976 ஜூன் 5, முதன்முறையாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த காலம். காலையில் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள், புல்டோசர் வைத்துப் பொந்தில் மண் தள்ளினார்கள். நண்பகலுக்குச் சற்று முன் அணை போய்விட்டது. பொறியாளர்கள் கட்டிய, 300 அடி உயர அணை அது.

உங்கள் இரும்புக் குழாய்க்கு இருபது வயது. ஓட்டை விழுந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வால்வு வெளிப்பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சின்னத் தோட்டங்களில் பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். அப்படியானால் வால்வை மூடிவைத்திருக்கும்போதும் கரைக்குள் கிடக்கும் குழாய் முழுவதிலும் குளத்தின் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். துருப்பிடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கரையின் வயிற்றுக்குள் பீய்ச்சும். என் யோசனை: அந்தக் குழாயை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். குளத்தை இறக்கி, குழாயின் உள்வாயை மூடி, முழு நீளத்துக்கும் சிமெண்டுக் குழம்பு செலுத்தி நிரப்பிவிடுங்கள்; வெளிப்பக்கம் நான் சொன்ன மணல்படுகையைக் கட்டுங்கள். பாசனத்துக்குக் கரை உச்சியைத் தாண்டிப் போகும் சைஃபன் குழாய் போதும்; ஒருமுறை நிரப்பிவிட்டால் தண்ணீரைத் தானே மேலே இழுத்து அந்தப் பக்கம் இறக்கும். நான்கு அங்குல பிவிசி குழாய், தண்ணீரை நிரப்பி இழுக்க ஒரு சின்னப் பம்பு, இரு முனையிலும் வால்வு. கீழே மூன்று மீட்டர் இறக்கம் கிடைத்தால் வினாடிக்கு 15 லிட்டர் தாராளமாக வரும். ஓடை வரத்து இல்லாத நாளில் அது உங்கள் குளத்தை ஒரு நாளைக்கு ஓரடி இறக்கும். கரையை எங்கும் தோண்ட வேண்டியதில்லை, அதுவே பெரிய லாபம்.

குளத்தை இறக்கும்போதும் நிதானம் வேண்டும். ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் வேண்டாம், களிமண் அதிகம் என்றால் அரையடி. உள்சரிவு மண் தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கும். முட்டுக்கொடுத்திருந்த குளத்து நீர் சட்டென்று போனால் அந்தச் சரிவு உள்ளே வழுக்கி விழும்.

இப்போது மச்சானின் இரண்டடிக்கு வருகிறேன். தண்ணீர் கரையைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தில் கூடும். 12 அடி 14 அடியானால் தள்ளும் விசை சுமார் 36 விழுக்காடு அதிகம். உயர்த்துவது என்றால் உச்சியில் மண் கொட்டி பேக்ஹோ வாளியால் தட்டுவது இல்லை. உயரம் கூடினால் அடியும் அகல வேண்டும்: பின்சரிவின் புல்லையும் மேல்மண்ணையும் சீவி, அடிவாரத்திலிருந்து அரையடிக்கும் குறைவான கனத்தில் மண் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி, அடுத்த அடுக்கு. இரண்டு நாளில் முடியும் வேலையா இது? பிப்ரவரிதான் பிரச்சினை என்றால், 2014 தொடக்கத்தில் சிங்கப்பூரே வாரக்கணக்கில் மழை இல்லாமல் காய்ந்ததே, அந்த மாதிரி ஆண்டுக்குக் கூடுதல் இரண்டடி எந்த மூலைக்கு? குளத்தின் மேல்முனையில், ஓடை வந்து சேரும் இடத்தில், இருபது வருட வண்டல் கிடக்கும். வறட்சியில் அதை அள்ளி மரங்களுக்குப் போடுங்கள், கொள்ளளவும் கூடும், எருவும் ஆகும். கரைக்குப் பக்கத்தில் மட்டும் தோண்டாதீர்கள். தண்ணீர் இறங்காமல் பிடித்து வைத்திருக்கும் களிமண்படிவைக் கிழித்துவிடுவீர்கள். மரத்தடிக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டால் தேவையே குறையும்.

கரைமேல் மரம் இருக்கிறதா என்று எழுதவில்லை. சிறிதாக இருந்தால் வேரோடு பிடுங்கி, குழியில் களிமண் இட்டு இடித்துவிடுங்கள். பெரிய மரம் என்றால், குளம் நிறைந்திருக்கும்போது கை வைக்க வேண்டாம். வெட்டினால் வேர் உள்ளே மக்கித் தண்ணீருக்குச் சுரங்கம் ஆகும், விட்டுவைத்தால் காற்றில் சாய்ந்து கரையைப் பெயர்க்கும். நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் லோயர் பியர்ஸ், அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கங்கள் பக்கம் நடக்கப் போனால் அணைச்சரிவைக் கவனியுங்கள், குட்டையாக வெட்டிய புல்தான் இருக்கும். அந்தப் புல்லில் நின்றால் ஒரு சின்ன ஈரமும் கண்ணில் படும். உங்கள் கரையிலும் லாலாங் புல் வெட்டப்பட வேண்டும். உடும்பு வளை, காட்டுப்பன்றி கிளறிய இடம், கறையான் புற்று எல்லாவற்றையும் உடனுக்குடன் தோண்டிக் களிமண்ணால் இடித்து மூடுங்கள். இவற்றில் கறையானைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன், அதன் அறைகள் கரைக்குள் ஆழத்தில் இருக்கும். உச்சியில் லாரித் தடம் குழி விழாமல், மழைநீர் குளத்துப் பக்கம் வடியும்படி லேசாகச் சரித்து வையுங்கள்.

மாதம் ஒருமுறை போகும் நீங்கள் கரையைக் காக்க முடியாது. அங்கேயே தங்கியிருக்கும் தொழிலாளர்தான் காவல், அவர் வீடுதான் முதலில் போகும் வீடும். அவருக்கு விவரம் சொல்லுங்கள், அதற்கென்று சம்பளத்தில் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள். குளத்தில் அடிக்கு அடி வர்ணம் பூசிய ஒரு கம்பம் நடுங்கள். வாரம் ஒருமுறையும், பெருமழை நின்ற ஒவ்வொரு முறையும், கம்பம், கசிவுக் குழாய், வழிந்தோடி மூன்றையும் அதே இடத்தில் நின்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். ஆறு மாதப் படங்களை வரிசையாகப் பார்த்தால் உங்களுக்கே கண் பழகிவிடும்.

கசிவு கலங்கி வருவது, குளத்தில் சுழி தெரிவது, உச்சியில் பள்ளமோ நீள வெடிப்போ விழுவது, தண்ணீர் உச்சிக்கு ஓரடிக்குள் வந்துவிடுவது. இதில் எது நடந்தாலும் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லிவையுங்கள். குடும்பத்தோடு ஓடைப்படுகையை விட்டு மேட்டுக்குப் போக வேண்டும், கம்போங் ஆட்களுக்குச் சத்தம் கொடுக்க வேண்டும், 999க்கு அழைக்க வேண்டும். மண்மூட்டையும் பம்பும் அதற்குப் பிறகுதான். இரவு மழையில் தனியாளாகக் கரைமேல் ஏறவே கூடாது. வீட்டை அங்கிருந்து மேட்டுக்கு மாற்ற முடிந்தால் இந்தக் கவலையில் பாதி தீரும்; பலகை வீடுதானே, யோசியுங்கள்.

சட்ட விஷயம் சுருக்கமாக. மலேசியாவில் ஆறு, ஓடையெல்லாம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாமனார் அனுமதி வாங்கினாரா என்று பத்திரக் கட்டில் தேடுங்கள். உங்கள் நிலத்தில் தேக்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு போய் அடுத்தவர் சொத்தைக் கெடுத்தால், கவனக்குறைவு இல்லை என்று சொல்லித் தப்பிப்பது கடினம். 1868இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு நீர்த்தேக்க வழக்கிலிருந்து வரும் கொள்கை இது, மலேசிய நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டது. மற்றதை ஜோகூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாவட்ட வடிகால், நீர்ப்பாசன அலுவலகத்துக்கு, அதாவது ஜேபிஎஸ்ஸுக்கு, மழை தொடங்கும் முன் ஒரு வார நாளில் போய் வாருங்கள். கரையின் அளவு, வாளி நிறையும் நேரம் எழுதிய தாள், படங்கள் எல்லாம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். வழிந்தோடிக்கும் குழாய்க்கும் மலேசியாவில் பதிவு பெற்ற ஒரு சிவில் பொறியாளரின் வரைபடம் வேண்டும். என் கணக்கை அவரிடம் காட்டலாம், ஆனால் நிலத்தில் நின்று அளந்து அவர் போடும் கணக்கே கணக்கு. பேக்ஹோகாரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம். வரைபடம் கைக்கு வந்ததும் அதே ஆளை வைத்து அந்த வழிந்தோடியில் கொட்டிய மண்ணை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.